கடைசி வரிசைக்காரரை எழுத வைப்பது எப்படி? ஊர் எழுத்தாளர் வட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் 83 பேர். ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை நாவல் விமர்சனக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர். அந்தப் பதினொன்றில் இரண்டு பேர் சிறப்பு விருந்தினரோடு காரில் வந்தவர்கள். ஒருவர் நூலகர், சாவி அவரிடம் இருந்ததால் வந்தார். மிச்சம் எட்டு. அந்த எட்டிலும் மேடையில் நான்கு, கீழே நான்கு.

கூட்டம் முடிந்து டீக்கடையில், "நம்ம ஆளுகளுக்கு ஆர்வமே இல்ல" என்று வழக்கம்போலப் புலம்பினேன். நான்கு வருஷமாக அதே புலம்பல்தான். கூட இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை, "அழைப்பிதழை எடுங்க தம்பி. இதுல எங்களுக்கு என்ன வேலை இருக்குன்னு காட்டுங்க" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை (மூன்று பேர்), நூல் அறிமுகம், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. ஊரில் ஏழெட்டுப் பேர் மாறி மாறிப் பேச, மற்றவர்கள் கைதட்ட வேண்டும். கைதட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஸ் ஏறி யார் வருவார்கள்?

எழுதுகிறவர்களும் எழுத நினைக்கிறவர்களும் கூடும் சின்ன ஊர் வட்டங்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய ஊர்களில் பேச்சாளருக்காகக் கூட்டம் வரும். நம் ஊரில் அந்தக் கதை நடக்காது. இங்கே ஒருவர் வருவது, தான் வராவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்று தெரிந்தால்தான்.

முதலில் ஒரு நோட்டு

வாட்ஸ்அப் பட்டியலை மறந்துவிடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் பெயர். இரண்டாவதில் அவர் என்ன தொழில் செய்தார், செய்கிறார், எதில் கைதேர்ந்தவர். மூன்றாவதில், வட்டத்துக்காக அவரிடம் கடைசியாக நாம் என்ன கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம் என்பது.

நான் போட்டபோது மூன்றாவது பத்தி கிட்டத்தட்ட மொத்தமும் காலி. சந்தா கேட்டதைத் தவிர வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. நோட்டீஸ் அடிப்பது, மைக் செட் சொல்வது, பிளாஸ்க்கில் டீ வாங்கிவருவது, நாற்காலி அடுக்குவது எல்லாம் நானே. தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கண்ணுக்கு அது 'அவரோட கூட்டம்'.

இரண்டாவது பத்தியை மட்டும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் பத்திரம் எழுதுகிறவர், ஒருவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பிள்ளை, ஒருவர் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். இதெல்லாம் எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது. எல்லாரையும் 'கவிஞர்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்?

மேடையை எடுத்துவிடுங்கள்

இது செலவில்லாத வேலை. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், அல்லது ஜமுக்காளம் விரித்துக் கீழே உட்காருங்கள் (முட்டிவலிக்காரர்களுக்கு நாலு நாற்காலி தனியாக). திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசிய இடத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். முற்றத்தின் வடிவத்தால் வந்த பெயர் அது. ஒரு வீட்டுக்குள் நடந்த அந்தச் சந்திப்பு பிறகு தமிழ் ரசனைக்கே ஒரு பெயராகிவிட்டது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியைச் சுற்றி 'காகங்கள்' என்ற பெயரில் கூடியவர்களும் உரையாடத்தான் கூடினார்கள். மேடை போட்டுக் கூட்டம் சேர்ப்பது அரசியலுக்குச் சரி. எழுதுகிறவர்களுக்கு எதிரே முகம் தெரிய வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மைக் வேண்டாம். மைக்கைக் கையில் வாங்கினால் நம் ஆட்களுக்கு நடையே மாறிவிடுகிறது. "அவையோரே" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்போது, எங்கே

பெரும்பாலான கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், அல்லது இருந்து தூங்கிக்கொண்டிருக்கும். நூலகரிடம் பேசினால் இடம் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் ஞாயிறு வசதி.

ஆனால் ஞாயிறு எந்த நேரம்? நாங்கள் வருஷக்கணக்காக மாலை ஆறு மணி என்று வைத்திருந்தோம். பெண்கள் வருவதில்லை என்று அதற்கும் ஒரு புலம்பல். கேட்டபோதுதான் தெரிந்தது: ஆறு மணிக்கு ஆரம்பம் என்றால் ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பிப்போம், முடிய எட்டரை, சுற்றுக் கிராமங்களுக்கு அதற்குப் பிறகு பஸ் இல்லை. காலையில் வைக்கலாம் என்றால் ஞாயிறு காலை கறி எடுக்கிற நேரம், அடுப்படியை விட்டு நகர முடியாது. கடைசியில் பகல் மூன்று முதல் ஐந்து வரை என்று முடிவானது. சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, ஐந்துக்கு நடுவாக்கியமாக இருந்தாலும் முடிப்பது. அடுத்த மாதம் ஏழு பெண்கள் வந்தார்கள். உங்கள் ஊரில் வேறு நேரம் தோதுப்படலாம். வராதவர்களிடம் போய்க் கேளுங்கள்; வந்தவர்களிடம் கேட்டால் இருக்கிற நேரமே சரி என்றுதான் சொல்வார்கள்.

கேட்கிற விதம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க துணைச் செயலாளரா இருங்களேன்" என்று கேட்டால், "வேலை ஜாஸ்தி சார், வேற யாரையாவது பாருங்க" என்று பதில் வரும். "எல்லாரும் ஒத்துழைக்கணும்" என்று குழுவில் போட்டால் கைகூப்பும் படம் முப்பது வரும், ஆள் வராது. "வர்ற 14-ந் தேதி கூட்டத்துல இந்தக் கதைய நீங்க வாசிச்சுக் காட்டணும், பத்து நிமிஷம்தான்" என்று ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். பொறுப்பு என்றால் பயம். வேலை என்றால் பயமில்லை. ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு தேதி.

மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தார். கடைசி வரிசை, ஜன்னலோரம். நன்றியுரைக்கு முன்னால் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு மாதம், தன் கதையை வாசிக்க வேண்டிய நண்பருக்குக் கண் ஆபரேஷன். இவரிடம் போனேன்.

"அண்ணே, அவரு கண்ணுல கட்டு போட்டிருக்காரு. நீங்க வாசிச்சுக் குடுத்துருங்க."

"எனக்குக் கொரலு கரகரங்குமே."

"கதையில வர்றவருக்கும் வயசு அறுபதுண்ணே."

வாசித்தார். எழுத்துக்கூட்டித்தான், ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. கதையில் மழை நேரத்தில் ஒருவன் கரண்ட் கம்பத்தில் ஏறுகிற கட்டம் வந்தது. அங்கே தாளைக் கீழே இறக்கிவிட்டார். "இது தப்பு. ஏ.பி. சுவிட்ச இறக்கிக் கரண்ட நிறுத்திட்டு, எர்த் ராடு மாட்டிட்டுத்தான் நாங்க லயனத் தொடுவோம். இவன் சும்மா ஏறுறான். இந்த வரியிலயே செத்துருவான், மிச்சக் கதைக்கு ஆளே இருக்காது."

அறையே சிரித்தது. கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த கதாசிரியர்தான் அதிகம் சிரித்தார். அப்புறம் அரைமணி நேரம் எல்லாரும் வயர்மேன் அண்ணனைத்தான் கேள்வி கேட்டார்கள். முதல் நாள் கம்பம் ஏறினது, ஷாக் அடித்தால் எப்படி இருக்கும், கூட வேலை பார்த்தவர் போனது. மறு மாதம் அவர் லாங் சைஸ் நோட்டு ஒன்றோடு வந்தார். இருபத்திரண்டு பக்கம், பால்பாயின்ட் பேனாவில். 'கதையான்னு தெரியல' என்று மேலே எழுதியிருந்தது.

நோட்டின் இரண்டாவது பத்தி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கதைக்குள் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அதுதான் அவரைப் பேச வைத்தது. நர்ஸ் அக்காவிடம் பிரசவ வார்டு வரும் கதையைக் கொடுங்கள், பத்திரம் எழுதுகிறவரிடம் பாகப்பிரிவினைக் கதையைக் கொடுங்கள்.

எழுதவே மாட்டேன் என்கிறவர்களுக்கு

எல்லாரும் எழுத வேண்டியதில்லை. எழுதாமலே செய்வதற்கு அசல் வேலைகள் உண்டு. சில எங்களிடம் நன்றாக ஓடின.

ஒன்று, மாதக் கதைத் தேர்வு. சென்னையில் 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளில் ஒன்றைத் தேர்ந்து, வருஷக் கடைசியில் பன்னிரண்டையும் தொகுப்பாகக் கொண்டுவந்தது. அந்த முறையைச் சிறிய அளவில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு உறுப்பினர் தேர்வாளர். நூலகத்துக்கு வரும் இதழ்களின் கதைகளைப் படித்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏன் மற்றவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதியில்தான் சூடு பிறக்கும்.

இரண்டு, சொல் சேகரிப்பு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகவே தொகுத்தார். நம்மால் அகராதி போட முடியாவிட்டாலும், தறி, சூளை, ஆட்டுக்கிடை, தீப்பெட்டி என்று ஒரு தொழிலின் சொற்களை ஒருவர் மாதம் பத்து வீதம் கொண்டுவரலாம். எழுதுகிறவர்களுக்கு அது புதையல். 'எனக்கு எழுத வராது' என்கிற நெசவாளி பத்துச் சொல்லை விளக்கி முடிக்கும்போது மூன்று கதை சொல்லியிருப்பார்.

மூன்று, தட்டச்சு. வயதானவர்கள் கையால் எழுதுகிறார்கள், அல்லது பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார்கள். போனில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதை யூனிகோடுக்கு மாற்றத் தெரியும். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று சோடி சேர்த்துவிடுங்கள். தட்டச்சு செய்கிறவர்தான் ஒரு கதையை மிக நெருக்கமாகப் படிக்கிறவர். "தாத்தா, இந்தப் பொண்ணு ஏன் திரும்பி வரலை?" என்று ஒரு பிள்ளை கேட்டதில் எங்களிடம் ஒரு கதையின் முடிவே மாறியது.

வாசிப்பும் விமர்சனமும்

இங்கேதான் வட்டங்கள் உடைகின்றன. முதன்முதலாகத் தன் கதையைக் கொண்டுவந்தவரை ஒரே கூட்டத்தில் விரட்டிவிட முடியும். நான் விரட்டியிருக்கிறேன். மேடையில் இருந்தபடி ஒரு பெண்ணின் கவிதையை 'இது உரைநடையை மடக்கிப்போட்டது' என்று சொன்னேன். அவர் பிறகு வரவே இல்லை. என் கருத்து சரியாகவே இருந்திருக்கலாம். சொன்ன இடமும் நேரமும் தப்பு.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் நடைமுறை இது. ஒரு கூட்டத்துக்கு இரண்டே படைப்புகள். ஒவ்வொன்றும் 600 சொல்லுக்குள்; சத்தமாக வாசித்தால் ஏழு நிமிஷம் வரும். பிரதி ஒரு வாரம் முன்னாலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கைக்குப் போய்விட வேண்டும். வாசித்து முடித்ததும் எழுதியவர் பேசக் கூடாது. எல்லாரும் ஒரு சுற்று, மனதில் நின்ற ஒரு வரியையோ காட்சியையோ மட்டும் சொல்வது. இரண்டாவது சுற்றில், எந்த இடத்தில் கவனம் விலகியது, எந்த இடத்தில் புரியவில்லை என்பது. எப்படி மாற்றலாம் என்று யாரும் சொல்லக் கூடாது, அது எழுதியவர் பாடு. கடைசியில் எழுதியவர் பேசலாம். பெரும்பாலும் பேசமாட்டார், குறித்துக்கொண்டிருப்பார்.

வட்டமாகச் சுற்று வருவதால் கடைசி வரிசை என்ற ஒன்றே கிடையாது. 'எனக்கு ஒண்ணும் தோணல' என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும். இரண்டு மாதம் அப்படிச் சொன்னவர் மூன்றாவது மாதம் ஏதாவது சொல்லிவிடுகிறார்.

'அருமை', 'சூப்பர்', 'வாழ்த்துகள்' மூன்றுக்கும் தடை. மீறினால் ஒரு தகர உண்டியலில் இரண்டு ரூபாய். ஒரு கவிஞர் கூட்டம் தொடங்கும்போதே பத்து ரூபாய் போட்டுவிட்டு உட்காருவார்.

ஒற்றுப்பிழையைச் சபையில் சொல்லவே கூடாது. வல்லினம் மிகுமா மிகாதா என்று தொடங்கினால் மணி ஐந்தாகிவிடும், கதை அங்கேயே கிடக்கும். பென்சிலால் பிரதியில் குறித்துக் கையில் கொடுங்கள். வட்டத்தில் இருக்கும் தமிழாசிரியர்களிடம் மெய்ப்புப் பார்க்கும் வேலையை முறையாக ஒப்படைத்துவிட்டால் அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் நிம்மதி.

இன்னொன்று. புதிதாக எழுதுகிறவர்கள் பேசும்போது அழகாகப் பேசிவிட்டு, எழுதும்போது 'கதிரவன் மேற்றிசையில் மறைந்தான்' என்று ஆரம்பிப்பார்கள். திருத்தாதீர்கள். "போன வாரம் டீக்கடைல சொன்னீங்களே, அப்படியே எழுதிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள்

எழுதியது எங்கேயாவது வந்தால்தான் அடுத்தது எழுதுவார்கள். கையெழுத்துப் பத்திரிகையில் தொடங்குவது நல்லது. ஒரே பிரதி, ஏ4 தாள், ஸ்பைரல் பைண்டிங், முகப்பில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. வீடு வீடாகச் சுற்றும். கடைசியில் ஆறு வெற்றுப் பக்கம் விடுங்கள், படித்தவர்கள் குறிப்பு எழுத. அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே ஒரு வேலை. அந்தச் சாக்கில் இரண்டு உறுப்பினர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் மூன்றாவது இதழில் உறுப்பினர் ஒருவரின் மாமியார் எழுதிய குறிப்புதான் இன்றுவரை பேசப்படுகிறது: 'இதுல வர்ற மருமக யாருன்னு எனக்குத் தெரியும்.'

இரண்டு வருஷம் போனபின் அச்சுத் தொகுப்பு. ஒரு பாரம் 16 பக்கம் என்பதால் ஐந்து பாரம், 80 பக்கம் என்று திட்டமிடலாம். பன்னிரண்டு பேருக்கு ஆறாறு பக்கம் 72, முன்பக்கங்களுக்கு எட்டு. மூன்று கூட்டங்களிலாவது வாசித்தவருக்குத்தான் இடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வருகை தானாக உயரும். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். அச்சானதும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அந்தப் பார்சலை எழுதியவர்களைக் கொண்டே கட்டச் சொல்லுங்கள். தன் கதை கன்னிமாராவுக்குப் போகிறது என்று முகவரி எழுதுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு கதைக்கு இவ்வளவு என்று எழுதுகிறவரிடமே பணம் வாங்கித் தொகுப்பு போடுகிறவர்கள் உண்டு. நானும் ஒருமுறை கட்டி ஏமாந்தேன். இருபது பிரதியைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வட்டத்தின் காசில் போட முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.

காசும் வாட்ஸ்அப்பும், சுருக்கமாக

மாதம் ஐம்பது ரூபாய் போதும். கணக்கைப் பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு நிமிஷம் படித்துவிட வேண்டும். சால்வை வாங்குவதை நிறுத்தினாலே பாதிச் செலவு மிச்சம்; விருந்தினருக்குப் புத்தகம் கொடுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம்தான். ஆனால் பதிவில் தொடங்கினால் தலைவர் யார் என்ற சண்டையில்தான் முதல் வருஷம் போகும்.

வாட்ஸ்அப் குழுவில் கூட்ட அறிவிப்பும் பிரதியும் மட்டும். காலை வணக்கப் படங்களுக்கு ஆசைப்படுகிறவர்களுக்குத் தனிக் குழு போட்டுக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் அங்கே சந்தோஷமாக இருப்பார்கள். கூட்டத்துக்கு வராதவரை அங்கே பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். போன் போடுங்கள், அதிலும் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒருவரே பேசினால்

ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் உண்டு. நாற்பது வருஷ அனுபவம், எதற்கும் ஒரு மேற்கோள், நிறுத்தவே முடியாது. அவரை அடக்கப் பார்த்தால் கோபித்துக்கொண்டு போட்டி வட்டம் தொடங்குவார். அவரிடம் கடிகாரத்தைக் கொடுங்கள். 'ஐயா, ஆளுக்கு மூணு நிமிஷம், நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.' எங்கள் ஊர்ப் பெரியவர் அன்றிலிருந்து இரண்டரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறார், மற்றவர்களையும் அப்படியே முடிக்க வைக்கிறார். கொஞ்சம் கெடுபிடிதான்.

கைமாற்றுவது

செயலாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பது வருஷம் இருந்தேன், அது தப்பு. அடுத்தவரை ஆறு மாதம் முன்னாலேயே கண்டுபிடித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வேலையாக அவர் கைக்கு நகர்த்துங்கள். நூலகத்துக்குக் கொடுக்கும் கடிதம், ஜெராக்ஸ் கடைக் கணக்கு, உண்டியல் சாவி, பிளாஸ்க், குழுவின் அட்மின் பொறுப்பு, கடைசியாக அந்த மூன்று பத்தி நோட்டு.

எங்கள் புதுச் செயலாளர் நர்ஸ் அக்காதான். நோட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர் அன்றைக்கு ராத்திரியே போன் செய்தார்.

"தம்பி, இதுல உங்க பேருக்கு நேரா மூணாவது பத்தி காலியா இருக்கே. ஒம்பது வருஷமா உங்களை யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"நான்தானேக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தேன்."

"சரி, எழுதிக்கிட்டேன். வர்ற 11-ந் தேதி, ஒரு கதை, அறுநூறு சொல்லு. ஒரு வாரம் முன்னாடி ஜெராக்ஸுக்கு வந்துரணும்."